புதிய காருக்கு வினைலா, பி.பி.எஃப்.பா, இரண்டும் வேண்டாமா?

கிண்டிவாசி:
அடுத்த மாதம் வெள்ளை நிற ஹேட்ச்பேக் ஒன்றை எடுக்கவிருக்கிறேன். மேட் சாம்பல் நிற வினைலால் வண்டி முழுவதையும் மூட வேண்டும் என்பது என் ஆசை. கடைக்காரரோ நிறத்தை விட்டுவிட்டு, நிறமற்ற பாதுகாப்புப் படலமான பி.பி.எஃப். ஒட்டச் சொல்கிறார். வண்டி திறந்தவெளியில், வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.

பட்டறைக்காரர்:
இரண்டும் வேண்டாம் ஐயா. வினைல் என்பது ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமனுள்ள பி.வி.சி. தாள். சென்னை வெயிலை நேராக வாங்கும் பானெட்டிலும் கூரையிலும் அது கதவுகளைவிட முன்னதாகவே வெளுத்து, விளிம்புகளில் சுருங்கும். கழற்றும்போது துண்டு துண்டாகக் கிழிந்து, பசை வண்டியிலேயே தங்கிவிடும். அந்தப் பணத்தை வைத்திருந்தால், கீறல் விழும் நாளில் பம்பருக்குப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

படலக்கலைஞர்:
நீங்கள் சொல்வது மலிவான காலண்டர் வினைலுக்குப் பொருந்தும். உருளைகளுக்கிடையே இழுத்துத் தட்டையாக்கப்படுவதால், அது சூடேறினால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். திரவமாக ஊற்றி உலர்த்தப்படும் காஸ்ட் வினைலில் அந்த இழுவிசை இல்லை. அதைக் காலம் கடத்தாமல், சூடாக்கி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் முழுத் தாளாகவே வரும்.

பிறகு பெயின்ட் அடிக்கலாம் என்ற யோசனையைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். தொழிற்சாலையில் உயர் வெப்ப அடுப்பில் சுட்டெடுக்கப்படும் பெயின்டின் பிடிப்பு பட்டறைப் பெயின்டுக்கு எளிதில் வராது. மறுபெயின்ட் அடித்த பம்பரிலிருந்து படலத்தை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வருவதை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒட்டுவதாக இருந்தால் புதிய வண்டியில், மூலப் பெயின்டின்மேல் ஒட்டுவதே சரி.

பட்டறைக்காரர்:
மூலப் பெயின்ட் உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பிளேடைக் கண்டு அஞ்சுகிறேன். வண்டியின்மேலேயே தாளை வெட்டுபவர் கை சற்று அழுந்தினால், கதவுக் கைப்பிடியைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு கோடு, பெயின்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர்கோட்டைக் கடந்து இறங்கிவிடும். படலம் இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. தகடுவரை இறங்கியிருந்தால் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

படலக்கலைஞர்:
அந்த அச்சம் நியாயமானது. பிளேடுக்குப் பதிலாக, வெட்டும் நூல் பொதிந்த டேப்பைப் பயன்படுத்துகிறார்களா, பிளாட்டர் என்னும் கணினி வெட்டும் இயந்திரத்தில் முன்பே வெட்டிய தாளை ஒட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும். நிறமாற்றம் தேவையில்லை என்றால் பி.பி.எஃப். நல்லது, டி.பி.யு. என்னும் நெகிழும் பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் படலம் ஏறத்தாழ 0.15 முதல் 0.2 மி.மீ. தடிமனுடையது. தெறிக்கும் சிறு கற்களைத் தாங்கும். தரமானவற்றில் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறையும். ஆனால் நசுங்கலைத் தடுக்காது, பறவை எச்சத்தையும் உடனே கழுவத்தான் வேண்டும்.

நால்வழிச்சாலை:
கார்களில் படலம் ஒட்டுவதையே உச்ச நீதிமன்றம் தடைசெய்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். 2012-இல் தடைசெய்யப்பட்டது சன்னல் கண்ணாடிகளில் ஒட்டும் படலம்தான். உங்களுக்கு உண்மையான சிக்கல் ஆர்.சி. புத்தகத்தில் 'வெள்ளை' என்று இருக்கும் பதிவு. சாம்பல் நிறத்துக்கு மாறும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைத் திருத்தும் வழியைக் கேளுங்கள். ஆலிவ் பச்சையை மட்டும் நினைக்கவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கே உரியது.

கிண்டிவாசி:
அப்படியானால் வெள்ளையாகவே வைத்துக்கொள்கிறேன். முன்பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் மூடிகள் ஆகியவற்றுக்கு மட்டும் பி.பி.எஃப். போதுமா?

பட்டறைக்காரர்:
வேண்டாம் என்பதே இன்னும் என் கருத்து. ஒட்டியே தீருவீர்கள் என்றால், பானெட்டின் பாதியில் முடியும் படலத்தை மட்டும் ஏற்காதீர்கள். வெள்ளை வண்டியில் அந்த விளிம்போரம் அழுக்குப் படிந்து, எவ்வளவு கழுவினாலும் கறுப்புக் கோடாகத் தெரியும்.