உடம்பில் தடிப்பு, மனசில் எச்.ஐ.வி. பயம்: தேதியைப் பாருங்கள்

ஆலோசனைப் பிரிவிலிருந்து:

பயந்து வருகிறவர்கள் உட்கார்ந்ததுமே செல்போனை நீட்டி, தடிப்பின் போட்டோவைக் காட்டுவார்கள். அதைவிட இரண்டு தேதிகள்தான் முக்கியம். உடலுறவு என்றைக்கு, தடிப்பு என்றைக்கு? மறுநாளே கிளம்பிய தடிப்புக்கும் எச்.ஐ.வி.க்கும் சம்பந்தமில்லை. ஆரம்பத் தொற்றின் தடிப்பு பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள் வரும். அநேகமாகத் தனியாக வராது. காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது, உடம்பு வலி எல்லாம் முந்திக்கொள்ளும். காய்ச்சல் ஆரம்பித்து 2, 3 நாள் கழித்து நெஞ்சு, முதுகு, கழுத்து, முகத்தில் சின்னச் சின்னச் சிவப்புத் திட்டுகள் தெரியும். அரிப்பு அவ்வளவாக இருக்காது, ஒரு வாரம் போலிருந்து தானே மறையும். தொற்று இருந்தும் இதில் எதுவுமே வராதவர்கள் நிறைய. ஆகவே தடிப்பை வைத்து இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையா? தடிப்பை விடுங்கள், எச்.ஐ.வி. தொற்றிக்கொள்ளாமல் தடுக்க, உறவுக்குப் பிறகு சாப்பிடும் பெப் மாத்திரையை உடனே கேளுங்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மொத்தம் 28 நாள், விடாமல். அதில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மெக்னீசியம், அலுமினிய மருந்தைக் கூடவே சாப்பிடாதீர்கள், மாத்திரை உடம்பில் சேராது. மாத்திரைக்கு 2 மணி நேரம் பின்னால் அல்லது 6 மணி நேரம் முன்னால் குடிக்கலாம்.

தோல் பிரிவிலிருந்து:

இந்தப் பயத்தோடு வரும் தடிப்புகளில் பாதி வேறு கதை. பேனாவால் தடிப்பைச் சுற்றிக் கோடு போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் வெறுமையாகி வேறிடத்தில் எழும்பினால் அது காணாக்கடி. ராத்திரியில் அரிப்புத் தாங்காமல், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருந்தால் சிரங்கு. தொண்டை வலிக்குத் தானாக வாங்கிப் போட்ட ஆன்டிபயாட்டிக் இன்னொரு ஆசாமி. மருந்துத் தடிப்பு பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் வரும், எச்.ஐ.வி. தடிப்பு மாதிரியே இருக்கும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். உதடு, கண், வாய் வெந்து, தோல் உரிய ஆரம்பித்தால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிவிட்டு வராதீர்கள். படர்தாமரையாக இருந்தால் விளிம்பு அழிந்து அடையாளமே மாறிவிடும்.

உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத செம்புத் திட்டு இருந்தால் எனக்கு முதலில் தோன்றுவது சிஃபிலிஸ், உடலுறவில் பரவும் இன்னொரு நோய். அதற்கு முன் வந்த புண் வலிக்காது என்பதால் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

ஆய்வகத்திலிருந்து:

மேலே சொன்ன சிஃபிலிஸ் பற்றி ஒன்று. இந்தக் கட்டத்தில் நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தால், சிஃபிலிஸுக்குச் செய்யும் வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். சந்தேகம் இருந்தால், ரத்தத்தை நீர்க்க வைத்துத் திரும்பப் பார்க்கும்படி எழுதித் தரச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி.க்கு வருவோம். பத்தாம் நாள் எடுத்த நெகட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. எதிர்ப்புப் பொருளோடு, பி24 ஆன்டிஜென் என்ற வைரஸின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை, கைநரம்பில் எடுத்த ரத்தத்தில் ஆய்வகத்தில் செய்தால், 18 முதல் 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கிட் என்றால் 90 நாள் வரை பொறுக்க வேண்டும். வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை 10 முதல் 33 நாள். காய்ச்சலும் தடிப்பும் இருக்கும்போதே டாக்டர் பலமாகச் சந்தேகித்தால் அதைக் கேட்பார். பெப் சாப்பிட்டவர்கள் 45 நாளை மாத்திரை முடிந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். முதல் கிட்டில் 'ரியாக்டிவ்' என்று வந்தாலும் உறுதிப் பரிசோதனை முடியும்வரை அது பாசிட்டிவ் ஆகாது.

ஆலோசனைப் பிரிவிலிருந்து மறுபடியும்:

விட்டுப்போனது: ரிசல்ட் தெரிந்துகொள்ளலாம் என்று ரத்ததானம் செய்யப் போகிறவர்களும் உண்டு. தொற்று பரிசோதனையில் தெரியாத அந்தச் சில நாளில் கொடுத்த ரத்தம் நேராக ஒரு நோயாளிக்கு ஏறும். கடைசிப் பரிசோதனை முடியும்வரை ரத்ததானம் வேண்டாம், உறவென்றால் ஆணுறை கட்டாயம்.