ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு பைபாட், மணல் பை, ஸ்லிங்: எது உண்மையில் அசைவைக் குறைக்கும்?

புதுக்குறி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிளில் 10 மீட்டர் தூரத்தில் தாள் இலக்கைச் சுட்டுப் பழகி வருகிறேன். நின்று சுடும்போது முன்குறி (குழல் முனையில் உள்ள குறி) ஓரிடத்தில் நிற்பதே இல்லை. இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. குறுக்களவு கொண்டது. என் பெல்லட்டுகளில் (ஏர் ரைபிளின் சிறு குண்டுகளில்) பாதிக்கு மேல் அதற்கு வெளியேதான் விழுகின்றன. தவறு என் கையிலா, ரைபிளின் குறிகளிலா என்பதைத் தெரிந்துகொள்ள, குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையில் பொருத்தும் பைபாட் (இரண்டு கால் தாங்கி) ஒன்றை வாங்கி, மர மேசையின் மேல் வைத்து, உட்கார்ந்து சுட்டுப் பார்த்தேன்.

குறி பார்க்கும்போது ரைபிள் கல்லைப் போல் நின்றது. ஆனால் பத்து பெல்லட்டும் மேலும் கீழுமாக ஏறக்குறைய 25 மி.மீ. அகலத்துக்குச் சிதறின. அதைவிட வியப்பு, மொத்தக் கூட்டமே நான் நின்று சுடும்போது விழும் இடத்தைவிட இரண்டு விரல் அகலம் மேலே போய்விட்டது. அசையாத ரைபிள் எப்படிச் சிதறடிக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. பைபாடைக் கழற்றிவிட்டு மணல் பைக்கு மாற வேண்டுமா? ஸ்லிங்கும் (ரைபிளையும் மேல்கையையும் இணைக்கும் வார்) தடித்த சூட்டிங் ஜாக்கெட்டும் வாங்கினால் நின்ற நிலையில் பயன் உண்டா? போகப்போகப் போட்டிகளிலும் கலந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஆகவே, பின்னால் பயன்படாத பொருளில் பணத்தைப் போட விரும்பவில்லை.

மணல்மூட்டை:

பைபாடின் மேல் குற்றம் இல்லை. அதை எந்த ரைபிளில் மாட்டினீர்கள் என்பதில்தான் சிக்கல். ஸ்பிரிங் ரைபிளில் டிரிக்கரை இழுத்தவுடன் சுருள்வில் விடுபட்டு, கனமான பிஸ்டனை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த நொடியில் ரைபிள் பின்னோக்கி நகர்கிறது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசியை நெருங்கும்போது, முன்னால் அழுத்தப்பட்ட காற்று அதைத் தடுத்து நிறுத்துவதால் ரைபிள் மறுபடி முன்னோக்கிக் குதிக்கிறது. இவ்வளவும் பெல்லட் குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதாவது, நீங்கள் குறி பார்த்த நிலையிலிருந்து ரைபிள் கொஞ்சம் நகர்ந்த பிறகே பெல்லட் வெளியே வருகிறது. அந்த நகர்வைத் தடுக்க யாராலும் முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நகரச் செய்ய மட்டுமே முடியும். கெட்டியான மேசைமேல் நிற்கும் பைபாடின் கால்கள் அந்த உதையை வாங்கித் துள்ளுகின்றன. ஒரு முறை துள்ளியபடி மறுமுறை துள்ளுவதில்லை. உங்கள் குரூப் (பெல்லட்டுகள் விழுந்த கூட்டம்) மேல்நோக்கிப் போனதற்கும் உயரவாக்கில் சிதறியதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

மணல் பைக்கு மாறுங்கள். ஆனால் ரைபிளை நேராகப் பையின்மேல் கிடத்தாதீர்கள். இடது கையின் புறங்கையைப் பையின்மேல் வைத்து, விரல்களை விரித்து, உள்ளங்கையின்மேல் ரைபிளைச் சும்மா உட்கார வையுங்கள். எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பின்கட்டை தோளைத் தொட்டால் போதும், தோளுக்குள் புதைய வேண்டியதில்லை. டிரிக்கர் காப்பு வளையத்துக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் கையை வைத்து ஐந்து, அதிலிருந்து மூன்று விரல் முன்னால் தள்ளி வைத்து ஐந்து என்று சுட்டுப் பார்த்தால், எந்த இடம் உங்கள் ரைபிளுக்குப் பிடிக்கிறது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தில் கட்டையின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். முன்கூட்டியே அழுத்திய காற்றால் இயங்கும் ரைபிளுக்கோ .22 தோட்டா ரைபிளுக்கோ இவ்வளவு பத்தியம் தேவையில்லை. அவற்றை நேரடியாகப் பைமேல் வைக்கலாம்.

பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நன்றாகக் காய்ந்த மணலைச் சலித்து நிரப்ப வேண்டும். ஈரம் இருந்தால் பை கல்லாக இறுகிவிடும், மேலே வைக்கும் உலோகமும் துருப்பிடிக்கும். வாய்வரை திணித்து நிரப்பினால் பை உருளும், பாதியோடு விட்டால் ஒவ்வொரு முறையும் அமிழும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நிற்கும் அளவு சரியானது. பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய பை தூக்கிச் செல்ல இலகுவானது, ஆனால் அது குழியைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. எந்தப் பையானாலும் முன்கட்டைதான் அதன்மேல் வர வேண்டும். குழல் எதன்மேலும் படக் கூடாது.

இன்னொன்று, எல்லோரும் முன்பக்கத்துக்குத்தான் பொருள் வாங்குகிறார்கள். முன்தாங்கலிலிருந்து பின்கட்டை வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன்பக்கம் அசையாமல் நிற்கப் பின்பக்கம் வெறும் 1 மி.மீ. நகர்ந்தாலே 10 மீட்டரில் அடிபடும் இடம் கிட்டத்தட்ட 17 மி.மீ. விலகும். கறுப்பு வட்டத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. ஆகவே, பின்கட்டையின் அடியில் கைப்பிடி அளவுள்ள சிறு பை ஒன்று கட்டாயம் வேண்டும். அழுத்திய காற்று ரைபிளிலும் .22-லும் அந்தப் பையை இடது கையால் மெல்லப் பிழிந்தால் பின்கட்டை உயர்ந்து முன்குறி இறங்கும், பிடியைத் தளர்த்தினால் ஏறும். உங்கள் ரைபிளுக்கு இடது கை முன்னால் தேவைப்படுவதால் பிழிய முடியாது. பையின் உயரத்தை முன்பே சரிசெய்து, பின்கட்டை அதன்மேல் தடையின்றி வழுக்கும்படி விட்டுவிடுங்கள்.

மூன்றுநிலை:

போட்டி என்று சொன்னதால் நான் குறுக்கிடுகிறேன். மேலே சொன்ன எதுவும், பைபாடோ மணல் பையோ, சர்வதேச விதிப்படி நடக்கும் 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் செல்லாது. 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் முழந்தாளிட்ட நிலையிலும் படுத்த நிலையிலும் ஸ்லிங் அனுமதிக்கப்படுகிறது; நின்ற நிலையில் அதற்கு அனுமதி இல்லை. 10 மீட்டர் ஏர் ரைபிள் முழுவதும் நின்றுதான் சுடப்படுகிறது. எனவே, நீங்கள் இப்போது சுடும் பிரிவுக்கு ஸ்லிங் வாங்குவது வீண். மாற்றுத் திறனாளிகளுக்கான போட்டிகளில், கையால் ரைபிளின் எடையைத் தாங்க இயலாத எஸ்ஹெச்2 பிரிவினருக்கு மட்டும் சுருள்வில் பொருத்திய தாங்கி உண்டு. அந்தத் தாங்கியும் எடையைத் தாங்குமே தவிர, குறியைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

பின்னாளில் படுத்த நிலைக்கு வரும்போது ஸ்லிங்கைப் பற்றிய பரவலான தவறான எண்ணம் ஒன்றை இப்போதே விட்டுவிடுங்கள்: அது ரைபிளைக் கட்டிப்போடும் கயிறு அன்று. மேல்கையில் ஒரு வளையமும், முன்கட்டையில் கையைத் தடுத்து நிறுத்தும் குமிழும் இரு முனைகளாக இருக்க, முழங்கை தரையில் ஊன்ற, இடையில் ஒரு முக்கோணம் உருவாகிறது. ரைபிளின் எடை எலும்பிலும் வாரிலும் இறங்கிவிடுவதால், தசைக்கு வேலையே இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி, இடது கையின் விரல்களையும் தோளையும் முற்றிலும் தளர்த்திப் பார்ப்பது. முன்குறி விழுந்தால் வார் நீளமாக இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் விரல் நுனிகள் மரத்தால், அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, உடம்பைத் தரையோடு ஒட்டித் தாழ்த்திக்கொள்ளவும் ஓர் எல்லை உண்டு.

நான் முதன்முதலில் ஸ்லிங் மாட்டியபோது முன்குறி ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டே இருந்தது. பயம் என்று நினைத்தேன். இதயத் துடிப்புத்தான் அது. வளையம் மேல்கையின் நடுவில் உட்கார்ந்து, உட்பக்கமாக ஓடும் தமனியை அழுத்திக்கொண்டிருந்தது. வளையத்தைத் தோளை ஒட்டி மேலே ஏற்றி, கொக்கியைக் கையின் வெளிப்புறத்துக்குத் திருப்பிய பிறகு துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. தோல் வார் நாளடைவில் இழுபடும். செயற்கை இழை வார் அவ்வளவாக இழுபடுவதில்லை. எதுவானாலும், எந்தத் துளையில் கொக்கி மாட்டினீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

ஜாக்கெட்டைப் பொறுத்தவரை, நின்ற நிலையில் பயன் நிச்சயம் உண்டு. கீழ்முதுகு மடங்கிச் சாயும் இடத்தில் அது தாங்கிக்கொள்கிறது, துடிப்பையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. அதன் துணி ஓர் அடுக்கில் 2.5 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கக் கூடாது. விறைப்பையும் கருவி கொண்டு அளப்பார்கள். விதிக்கு உட்பட்டதா என்று கேட்காமல் வாங்கிவிட்டு, சோதனை மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நிற்கும் முறை சரியாக இல்லாதவருக்கு ஜாக்கெட் அந்தத் தவறையே விறைப்பாகப் பிடித்துக்கொடுக்கும். முதலில் ஒரு செலவும் இல்லாத இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சுவிட்டுத் திறந்து பாருங்கள். முன்குறி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் கையால் இழுத்துத் திருத்தாமல், பின்னங்காலை நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். இதற்குச் சுட வேண்டியதே இல்லை. உங்களுடையது ஸ்பிரிங் ரைபிள் என்பதால் பெல்லட் இல்லாமல் டிரிக்கரை இழுத்துப் பழகவும் கூடாது. காற்றுத் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் மோதி உள்ளே சேதமாகும்.

இருகால்:

மணல்மூட்டை சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். இருந்தாலும் பைபாடைப் பற்றி இத்தனை சீக்கிரம் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்பதற்காக இரண்டு வரி. .22 ரைபிளில் பத்து ஆண்டுகளாகப் பைபாடுடன்தான் சுடுகிறேன். சிமெண்டுத் தரையிலும் மேசையிலும் கால்கள் துள்ளுவது உண்மைதான்; அடியில் ஒரு தடித்த கம்பளத் துண்டை விரித்து, கால்களின் தொளதொளப்பு நீங்கும் அளவுக்குத் தோளால் மெல்ல முன்னோக்கிச் சாய்ந்தால் அது அடங்கிவிடும். அந்தச் சாய்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள முழுக் கலையும்.

சாயும்போது குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாள் துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். தாள் சிக்கினால், அழுத்தத்தில் முன்கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது என்று பொருள். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பைபாடாலும் பயன் இல்லை. ஸ்லிங்கை இறுக்கி இழுக்கும்போதும் இதே சோதனை பொருந்தும். நெகிழி முன்கட்டை உள்ள ரைபிள்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பைபாடைக் கழற்றிவிட்டுப் பையின்மேல் வைப்பவர்கள், அதை மாட்டும் குமிழ் உதையின்போது பையில் இடிக்காதவாறு கொஞ்சம் தள்ளி வைக்கவும் மறக்க வேண்டாம்.

புதுக்குறி:

மூவருக்கும் நன்றி. இந்த வாரம் உள்ளங்கை முறையில் சுட்டுப் பார்த்தேன். டிரிக்கர் காப்பு வளையத்தை ஒட்டிக் கையை வைத்தபோது பத்து பெல்லட்டும் 12 மி.மீ.க்குள் அடங்கின, மூன்று விரல் முன்னால் தள்ளியபோது 18 மி.மீ. ஆயின. குரூப் பழைய உயரத்துக்கே இறங்கி வந்துவிட்டது. ஆனால், அதே குறி அமைப்போடு எழுந்து நின்று சுட்டால் கொஞ்சம் இடப்பக்கம் போகிறது. இதற்கு ஏற்பக் குறியைத் திருப்பலாமா, அல்லது என் பிடி தவறா? ஜாக்கெட்டை இப்போதைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன். கண்ணை மூடித் திறக்கும் சோதனையில் ஒவ்வொரு முறையும் முன்குறி வலப்பக்கமே போவதைக் கண்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மணல்மூட்டை:

வெட்கப்பட ஒன்றும் இல்லை. வலப்பக்கம் போகும் முன்குறியை நீங்கள் கையால் இடப்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். அந்த இழுப்போடு டிரிக்கர் விடுபடுவதால் பெல்லட்டும் இடப்பக்கம் போகிறது என்பது என் ஊகம். முதலில் காலை நகர்த்தி அதைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் நின்ற நிலையில் குரூப் வேறிடத்தில் விழுந்தால், நின்று சுடும் நிலைக்கே குறியைத் திருப்புங்கள். தாங்கல் மாறினால் ஸ்பிரிங் ரைபிள் அடிக்கும் இடமும் மாறுவது இயல்புதான். பையை, எந்த பெல்லட் உங்கள் குழலுக்குப் பொருந்துகிறது என்று பார்ப்பதற்கும் ரைபிளில் ஏதேனும் தளர்ந்திருக்கிறதா என்று அறிவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தளர்ச்சி என்றதும் நினைவுக்கு வருகிறது: பெல்லட் ஏற்றாமல், சுருள்வில்லை மடக்காமல் வைத்துக்கொண்டு, கட்டையை இயந்திரப் பகுதியோடு பிணைக்கும் திருகுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். இந்த முன்பின் உதையில் அவை தாமாகவே கழன்றுகொண்டிருக்கும்.

புதுக்குறி:

இப்போதுதான் பார்த்தேன். முன்பக்கத் திருகுகள் இரண்டில் ஒன்று அரைச் சுற்று இறங்கியது.