நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் வளரும் சிற்றூர்: குடிபோகலாமா?

மூன்றாம் மாடி எழுதியது:

நகரத்தின் நடுவே இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறோம். ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் வேகமாக வளர்ந்துவரும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. இங்கே கொடுக்கும் வாடகையில் பாதிக்கு அங்கே தனி வீடு கிடைக்கும். கடன் வாங்கினால் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். அவருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம். மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே வேலை. எனக்கு ஐந்து நாளும் போக வேண்டும். அங்கேயே வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மகள் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். மாமனார் எங்களோடு இருக்கிறார்; இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறார். போகலாமா, வேண்டாமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ரயிலடி எழுதியது:

தாராளமாகப் போங்கள். அப்படிப்பட்ட ஊர் ஒன்றில்தான் பல வருடங்களாக இருக்கிறேன். குழந்தைக்குத் தனி அறை, பெரியவருக்கு மாடிப்படி இல்லாத வீடு, நடந்தே போகக்கூடிய பள்ளி. இவை மூன்றையும் நகரத்துக்குள் ஒன்றாக வாங்க எத்தனை பேரால் முடியும்?

பயணம் பயணம் என்று பயமுறுத்துவார்கள். இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்ச்செத்தி 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள், வேகமான வண்டி வந்தால் அந்த நேரத்தை மிச்சம் பிடிக்காமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்க் குடியேறுகிறார்கள் என்பது அவர் வாதம். நடந்து திரிந்த காலத்து நகரம் சிறியது, ரயில் வந்த பிறகு பெரியது. உங்கள் சிற்றூரும் இன்றைய நகரத்தின் ஒரு மூலைதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரயிலடி ஐயா, உங்கள் சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறார். மார்ச்செத்தி சொன்ன ஒரு மணி நேரம் போவதும் வருவதும் சேர்த்து. இந்தச் சகோதரிக்குப் போவதற்கே ஒரு மணி நேரம், அதுவும் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். வீட்டு வாசலிலிருந்து நிலையம், நடைமேடையில் காத்திருப்பு, இறங்கியபின் அலுவலகம் வரை இன்னொரு வண்டி. இவற்றை யார் கணக்கில் சேர்ப்பது? மனை விற்பவர்கள் சொல்லும் தூரத்துக்கும் மனிதர்கள் கடக்கும் தூரத்துக்கும் என்றைக்கும் ஒட்டுறவு கிடையாது.

அடுத்து அந்தப் பாதி வாடகை. அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் தள்ளுபடி அல்ல. நகர மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை ஏன் இறங்குகிறது என்பதை நகரப் பொருளியல் ஆய்வாளர் வில்லியம் அலோன்சோ 1964இலேயே ஒரு பொருளியல் மாதிரியாக (மாடல்) வகுத்துக் காட்டிவிட்டார்: பயணத்துக்கு ஆகும் செலவும் நேரமும் நில விலையில் கழிகின்றன. மிச்சப்படும் வாடகை உங்கள் பயணத்துக்கான கூலி. அந்தக் கூலியாவது போதுமா என்றால், சுவிஸ் பொருளியலாளர்கள் ஸ்டுட்சரும் ஃபிரையும் ஜெர்மனியின் குடும்ப ஆய்வுத் தரவுகளை வைத்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பயணம் செய்கிறவர்களுக்குக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ ஈடு கட்டியிருந்தால், அவர்களும் மற்றவர்கள் அளவுக்கு வாழ்க்கையில் நிறைவாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பயணம் கூடக்கூட நிறைவு குறைந்தது.

ரயிலடி எழுதியது:

கணக்கு சரி, கணக்கில் வரும் ஆள் வேறு. அலோன்சோவின் மாதிரியில் இருப்பவர் வேலை நாள் தவறாமல் மையத்துக்குப் போய்வருகிறவர். நில விலையில் கழிந்திருப்பது அவருடைய ஐந்து நாள் அலைச்சல். வாரத்தில் இரண்டே நாள் போகிறவர் அதே கழிவைப் பெற்றுக்கொண்டு, அலைச்சலில் பாதிக்கும் குறைவாகவே கொடுக்கிறார். மீதி அவருக்கு லாபம். ஸ்டுட்சர், ஃபிரை ஆராய்ந்த காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்பது அபூர்வம். அந்த முடிவை இவருடைய கணவர் தலையில் கட்டுவது எப்படி?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதுவரை வந்ததில் இதுதான் நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியை மேலதிகாரி ஒரே மின்னஞ்சலில் எடுத்துவிடலாம். வீட்டுக் கடனை அப்படி எடுத்துவிட முடியாது. அது பத்து, இருபது வருடம் கூடவே வரும். வேலை மாறினால் புதிய நிறுவனம் ஐந்து நாளும் வரச் சொல்லலாம்.

இன்னொன்று. வளரும் ஊரில் வீட்டு விலையும் தானாக வளரும் என்று பலர் நம்புகிறார்கள். சுற்றிலும் காலி நிலம் கிடக்கும் ஊரில் தேவை கூடினால் முதலில் கூடுவது வீடுகளின் எண்ணிக்கை. நீங்கள் விற்க நினைக்கும் நாளில், பக்கத்துத் தெருவில் புதுக் கட்டடக்காரர் அதே அளவு வீட்டைப் புத்தம் புதிதாக விற்றுக்கொண்டிருப்பார்.

நூல்கண்டு எழுதியது:

இவ்வளவு நேரம் படித்தேன். ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா? இரண்டு நாள் கணவருக்கு. கேள்வி கேட்டவர் ஐந்து நாள் போகிறவர். அவருடைய வேலையைப் பற்றி, ‘அங்கேயே வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவரே ஒரு வரியில் கடந்துவிட்டார். நீங்கள் இருவரும் அதே வேகத்தில் கடந்துவிட்டீர்கள்.

பெரிய நகரத்தின் முக்கியமான பயன் ஒன்று உண்டு: ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் அவரவர் படிப்புக்கேற்ற வேலை கிடைப்பது. அமெரிக்காவில் டோரா கோஸ்டா, மேத்யூ கான் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. கணவன், மனைவி இருவரும் பட்டதாரிகளாக உள்ள குடும்பங்கள் 1940க்கும் 1990க்கும் இடையில் மேலும் மேலும் பெருநகரங்களில் குவிந்தன. இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை தேட வேண்டியிருந்தது அதற்கு ஒரு பெரிய காரணம் என்றார்கள். சிற்றூருக்குப் போகும்போது அந்தக் குடும்பம் இதைத்தான் விட்டுக்கொடுக்கிறது. யார் விட்டுக்கொடுப்பது என்பதும் பெரும்பாலும் பேசாமலே முடிவாகிவிடுகிறது. பிரான்ஸில் வேலை தேடுவோரின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வந்த கட்டுரை ஒன்று, பெண்கள் குறைந்த தூரத்தில் வேலை கிடைத்தால் போதும் என்று குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ளும் போக்கு ஆண்களைவிட அதிகம் என்று காட்டுகிறது. அது பெண்களின் இயல்பு என்று யாரும் சொல்ல வந்துவிடாதீர்கள். நடுப்பகலில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் யார் எழுந்து போகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாம் மாடி எழுதியது:

அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் சம்பளம் அவருடையதைவிடக் குறைவு. ஒருவர் விட வேண்டுமென்றால் குறைந்த சம்பளத்தை விடுவதுதானே நியாயம் என்று நானேதான் நினைத்தேன்.

நூல்கண்டு எழுதியது:

அம்மா, இன்றைய சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். அடுத்த பதவி உயர்வு, ஓய்வூதியச் சேமிப்பு, நாளைக்கு அவருக்கு வேலை போனால் குடும்பத்தைத் தாங்கும் இரண்டாவது வருமானம், இவையும் அந்த வேலைக்குள் இருக்கின்றன. வாடகையில் மிச்சமாவது உங்கள் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார் அல்லவா? பள்ளிக்குப் போவது, மாமனாரை மருத்துவரிடம் அழைத்துப்போவது எல்லாம் அந்த மூன்று நாளில் அவர் பொறுப்பு என்று அவரிடம் சொல்லியாகிவிட்டதா?

ரயிலடி எழுதியது:

நூல்கண்டு அம்மாவின் கேள்வி நியாயமானது, ஆனால் அது ஊரைப் பற்றிய குறை அல்ல. நகரத்திலேயே இருந்தாலும் அந்தப் பேச்சு அந்த வீட்டில் நடக்க வேண்டியதுதான்.

நூல்கண்டு எழுதியது:

நகரத்தில் அந்தப் பேச்சு தள்ளிப்போனால் வேலை போகாது. அங்கே போகும்.

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மாமனாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாரடைப்புக்கு இன்றைய முதன்மைச் சிகிச்சை அடைபட்ட ரத்தக் குழாயைப் பலூன் வைத்துத் திறப்பது. நோயைக் கண்டறிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய முடிந்தால் அதுதான் வழி. முடியாது என்று தெரிந்தால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. பக்கவாதம் என்றால், அந்த ஊசிக்குப் பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம் வரைதான் அவகாசம். அதற்குள்ளும் முந்தினால் நல்லது. ஆகவே அந்த ஊரில் கேட்க வேண்டியது, ‘மருத்துவமனை இருக்கிறதா’ என்பது அல்ல. இரவு இரண்டு மணிக்கு இசிஜி எடுத்துப் படித்துச் சொல்ல மருத்துவர் இருப்பாரா, ஊசி கையிருப்பில் இருக்குமா, ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும், பலூன் சிகிச்சை செய்யும் மையத்துக்கு எவ்வளவு நேரம். வாசலில் பெரிய பலகை வைத்த இடங்களில்கூட இதற்கு இல்லை என்றே பதில் வரும்.

ரயிலடி எழுதியது:

நகரத்து நெரிசலில் ஆம்புலன்ஸ் நிற்பதை நாம் பார்த்ததில்லையா?

இரவுப்பணி எழுதியது:

பார்த்திருக்கிறேன். அதனால்தான் தூரத்தைக் கேட்கச் சொல்லாமல் நேரத்தைக் கேட்கச் சொன்னேன். நல்ல பதில் வந்தால் போகட்டும்.

குழாய்க்காரர் எழுதியது:

நீரும் கழிவும் என் தொழில். வளரும் ஊர்களில் வீடு முதலில் வருகிறது, பாதாளச் சாக்கடை பிறகு வருகிறது, சில ஊர்களில் வருவதே இல்லை. அதுவரை வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், வீட்டுக்கு வீடு கிணறு. வீடுகள் பத்து இருந்தபோது மண் வடிகட்டிக் கொடுத்த தண்ணீர், நூறு ஆனபின் அப்படி இருக்காது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கைக்குழந்தைகளுக்கு அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது; நீர் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவருக்கு அடித்த வண்ணத்தைப் பார்க்காமல், கிணற்று நீரில் ஒரு பாட்டில் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். வறண்ட மாதத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் ஆழத்தில் என்ன மிச்சம் என்று தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே பச்சை வயல் தெரிகிறது என்று மயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்ட், வயல் சூழ்ந்த அளவான ஊர்களை அமைக்கும் தோட்ட நகரத் திட்டத்தை 1898இல் எழுதியபோது 6,000 ஏக்கரில் 1,000 ஏக்கரை மட்டும் ஊருக்கு ஒதுக்கினார்; மீதி விவசாய நிலம், ஆளைக் கூட்டினால் மொத்தம் 32,000 பேர். அதற்கு மேல் மக்கள் வந்தால் வேறிடத்தில் புதிய ஊர் தொடங்க வேண்டும் என்றார். நிலம் முழுவதும் பொதுவில் இருக்க வேண்டும் என்றதால்தான் அந்தக் கட்டுப்பாடு காகிதத்திலாவது சாத்தியமாயிற்று. உங்கள் ஜன்னலுக்கு வெளியே உள்ள வயலுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். நல்ல விலை வந்தால் கொடுத்துவிடுவார். உள்ளாட்சி அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ரயிலடி எழுதியது:

எல்லோரும் வளர்ச்சியை ஒரு வியாதி போலவே பேசுகிறீர்கள். வளராத ஊரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடும், பயணிகள் குறைந்தால் பஸ் நிற்கும், நோயாளிகள் குறைந்தால் மருத்துவர் போய்விடுவார். பாதாளச் சாக்கடை போட வரி கட்டும் வீடுகள் வேண்டும். முன்னால் வந்தவர்கள் கொஞ்சம் புழுதி தின்னத்தான் வேண்டும். எங்கள் ஊரில் நாங்கள் தின்றோம்; நிலைய மேம்பாலத்துக்கு மனு எழுதி எழுதி வாங்கினோம். நகரத்தில் நீங்கள் யாருக்கு மனு எழுதி எதை வாங்கினீர்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

முன்னால் போகிறவர் புழுதி தின்பார் என்றால், கடன் வாங்கித் தின்ன வேண்டாம் என்பது மட்டும்தான் என் வாதம். வாடகைக்குப் போகட்டும், பிடிக்காவிட்டால் திரும்பட்டும்.

ரயிலடி எழுதியது:

அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனே.

மூன்றாம் மாடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். வாங்கும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டோம். போனால் வாடகைக்கு மட்டும், என் வேலையை விடாமல். மருத்துவமனைக் கேள்விகளை அவரே போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் பாட்டிலும் அவர் பொறுப்பு.

ஐந்து நாள் பயணம் அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று இன்னமும் சொல்கிறார். எனவே அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஊரில் தங்கி, என் நேரத்துக்கு, என் அலுவலக வாசல் வரை, ஐந்து நாளும் அவர் போய்வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அலுவலக வாசலோடு நிற்க வேண்டாம், மாலையில் நீங்கள் கிளம்பும் நேரம் வரை அவர் அங்கேயே காத்திருக்க வேண்டும். சீக்கிரமே ரயில் ஏறிவிட்டால் கணக்கு செல்லாது.

ரயிலடி எழுதியது:

காலை ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறச் சொல்லுங்கள். எங்கள் தடத்தில் உட்கார இடம் கிடைப்பது அதில்தான்.