புதுப்பிப்பு: பத்து காஜா போய்வந்தேன்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பத்து காஜா ஊரில் எங்கே சாப்பிடலாம், கெல்லி கோட்டை என்ற பழைய மாளிகை தவிர என்ன பார்க்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கோட்டையைவிட அருகிலுள்ள மாரியம்மன் கோயில்தான் மனதில் நிற்கிறது. ரப்பர் தோட்டத்தில் விஷக்காய்ச்சல் பரவி ஆட்கள் மடிந்தபோது, அங்கே வேலை செய்த நம்மவர்கள் கேட்டு, கோட்டையைக் கட்டிய தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் துரை கட்டிக்கொடுத்தது. கோயில் கூரைமேல் சாமி சிலைகளோடு கோட்டும் தொப்பியுமாக அவரும் சிலையாக நிற்கிறார். அவசியம் அண்ணாந்து பாருங்கள். 1926இல் லிஸ்பனில் அவர் இறந்ததும் கோட்டை அரைகுறையாக நின்றுவிட்டது.

சாப்பாடு? வாழையிலைக் கடை ரசம் அபாரம்! மிளகு தொண்டையில் இறங்குவது தெரியும். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?" என்று அக்கா கேட்டுக்கேட்டு ஊற்றினார். தே தாரேக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) சுமார்தான்.

அப்புறம், கோட்டை மொட்டைமாடியில் நிழலே இல்லை. காலையிலேயே போய்விடுங்கள்.