காதுக்கும் வாய்க்கும் நடுவில்: அனுபவப் பகிர்வு

உப்புவெளி வாசகர்:

ஆராதனை முடிந்து வாசலில் பிளேன்ரீ குடிக்கிற பத்து நிமிடம்தான் கிழமையிலேயே கெட்ட நேரம். "குறை சொல்லேல்லை, ஜெபிக்கத்தான் சொல்லுறன்" என்று ஒரு குரல் தாழ்ந்தால் போதும், நாலு தலை முன்னுக்குச் சாயும். "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்" (நீதிமொழிகள் 4:23) எல்லாருக்கும் பாடம். ஆனால் காவலை எங்கே போடுவது? திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். காவல் நிற்பது அந்த வாசலில், மலை உச்சியில் இல்லை. மனதுக்கு அந்த வாசல் காது.

சவுல் ராஜாவைப் பாருங்கள். தாவீதைத் தன்னிலும் மேலாகப் பெண்கள் பாடினது காதில் விழுந்தது. "அந்நாள்முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்" (1 சாமுவேல் 18:9). மறுநாளே கையில் ஈட்டி. கேட்டதற்கும் எறிந்ததற்கும் நடுவில் ஒரே ஒரு இரவு.

பொத்தாம்பொதுவாக வேண்டாம். குறை பேசுகிறதையும் கேட்கிறதையும் நிறுத்தப் பலன் கண்ட முறைகளை எழுதுங்கோ.

பாலையூற்று அக்கா:

கத்தோலிக்கரிடம் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548இல் அங்கீகரித்த லொயோலா இஞ்ஞாசியாரின் "ஆன்மப் பயிற்சிகள்" என்ற நூலில், ஒரு குற்றத்தை மட்டும் தனியாக எடுத்து ஆராய்கிற வழி இருக்கிறது. "நல்லவளாக இருப்பேன்" எல்லாம் கணக்கில் சேராது. "இன்றைக்கு மச்சாளைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன்", அவ்வளவுதான். காலையில் எழும்பினவுடன் அதை நினைக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, மணித்தியாலம் மணித்தியாலமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். கொப்பியில் ஒரு நாளுக்கு இரண்டு கோடு. மேல்கோட்டில் மத்தியானம் வரைக்குமான தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, கீழ்க்கோட்டில் மிச்ச நேரத்துக்கு. இரவில் இரண்டு கோட்டையும் ஒப்பிடுவது, பிறகு நேற்றோடு இன்றை, போன கிழமையோடு இந்தக் கிழமையை. தவறுகிற அந்தக் கணத்திலேயே நெஞ்சில் கை வைக்கவும் சொல்கிறார். ஆக்களுக்கு நடுவில் நின்றாலும் விளங்காது, சட்டைப் பொத்தானைச் சரிபண்ணுகிற மாதிரித்தான் இருக்கும்.

பிழைக்கிற இடம் இரண்டு. தொடங்கின சில நாளில் புள்ளி கூடலாம். குறை கூடியதென்று பயந்து கொப்பியை மூடக்கூடாது, முந்தி எண்ணாமல் விட்டது இப்போது கண்ணில் படுகிறது. மற்றது, வாயால் சொன்னதை மட்டும் எண்ணுவது. உதட்டைச் சுழித்ததற்கும் புள்ளி, "ம்ம்... அவவோ" என்று இழுத்ததற்கும் புள்ளி.

மெதடிஸ்த சபை அங்கத்தவர்:

அக்கா சொன்னது தனி ஆளுக்கு. கூடி வேலை செய்கிறவர்களுக்கு வேறொன்று இருக்கிறது. 1752 ஜனவரி 29இல் எங்கள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லி, தம்பி சார்ல்ஸ் உட்படச் சில ஊழியர்கள் ஆறு விதிக்குக் கையெழுத்து வைத்தார்கள். எங்களில் ஒருவரைப் பற்றிய தீதான கதையைக் கேட்கவோ தேடி விசாரிக்கவோ மாட்டோம். காதில் விழுந்தாலும் இலேசில் நம்பமாட்டோம். கேட்டதைக் கெதியாக உரியவரிடமே நேரிலோ எழுதியோ தெரிவிப்போம். அதுவரைக்கும் வேறு யாரிடமும் ஒரு சொல்கூட விடமாட்டோம். தெரிவித்த பிறகும் வேறு யாரிடமும் எடுக்கமாட்டோம். கூடி ஆலோசிக்கும் இடத்தில் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் வந்தாலொழிய இதற்கு விலக்கு இல்லை.

சனம் விழுகிறது 5ஆவதில். நேரில் கதைத்துத் தீர்த்துப்போட்டு வெளியில் வந்து, "நான் முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டன்" என்று நாலு பேரிடம் சொன்னால், போட்ட முடிச்சு அவிழ்ந்தது.

திருக்கடலூர்க்காரன்:

மத்தேயு 13:48இல் மீன் பிரிக்கிறது வலை கரையேறின பிறகு. கரைவலை இழுக்கிற நேரம் எவனும் குனிந்து எது சூடை, எது சாவாளை என்று பார்க்கமாட்டான். பார்த்தால் கயிறு தளரும், பக்கத்தில் நிற்கிறவன் தோளில் பாரம் ஏறும். கொடியேற்றத்துக்கு முதல்நாள் பெருநாள் கணக்கில் பிழை தேடுகிறவரும் அப்படித்தான். கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருநாள் முடிந்த கிழமை, கொப்பியை மேசையில் வைத்துக் கேட்கட்டும்.

உப்புவெளி வாசகர்:

வட்ஸ்அப் ஜெபக்குழுவுக்கு என்ன செய்யிறது?

நிலாவெளி ஆசிரியை:

உரியவரிடம் கேட்காமல் பெயர் போடாதீர்கள். "இந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். "ஏனென்றால்" என்று எழுத விரல் போனால், அதற்குப் பிறகு வருவது ஜெபக்குறிப்பு இல்லை. வேறு குழுவில் வந்ததை இங்கே தள்ளிவிடவே கூடாது. "விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்" (நீதிமொழிகள் 26:20). இந்தக் காலத்து விறகு, செய்தியைத் தள்ளிவிடுகிற அந்த அம்புக்குறிதான்.

ஒரு விடயம் அழுத்திச் சொல்லவேண்டும். மத்தேயு 18:15 "நீயும் அவனும் தனித்திருக்கையில்" உணர்த்தச் சொல்கிறது. கேளாவிட்டால் ஒன்று இரண்டு பேரோடு போவது, அதற்கும் கேளாவிட்டால் சபை. இது உங்களுக்கு விரோதமாகக் குற்றஞ்செய்த சகோதரனுக்கான ஒழுங்கு. பிள்ளைமேல் கைவைத்தவனுக்கும் இதையே காட்டி, "குறை பேசாதே, தனியே கதைத்து முடி" என்று வாயை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே எடுக்க வேண்டும். மூப்பர்மேல் முறைப்பாடு என்றால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. 19ஓடு நிறுத்துகிறவர்களை நம்பவேண்டாம்.

மெதடிஸ்த சபை அங்கத்தவர்:

டீச்சர் சொன்னது சரி. அந்த ஆறு விதியும் மனவருத்தக் கதைகளுக்குத்தான். குற்றத்தை மூடுகிற துணி இல்லை.

உப்புவெளி வாசகர்:

கதையைக் கொண்டு வருகிறவரை மனம் நோகாமல் எப்படி நிறுத்துறது?

பாலையூற்று அக்கா:

"அவரிட்டக் கேட்டனீங்களோ?" என்று மெதுவாகக் கேளுங்கோ. வெட்டிக் கேட்டால் அடுத்த கதை உங்களைப் பற்றித்தான் ஓடும். "இல்லை" என்றால், "அவர் அங்க மரத்தடியிலதான் நிக்கிறார், வாங்கோ, நானும் வாறன்" என்று சொல்லி இரண்டு அடி வையுங்கோ. அநேகமாக, வந்தவருக்குக் கோப்பை கழுவுகிற அவசரம் வந்துவிடும்.