பீம் ஸ்பிளிட்டரில் இரண்டு ஃபோட்டான்கள் ஏன் ஒரே பக்கமாகவே வெளியேறுகின்றன?

குறுக்கலை:
எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஹாங்-ஓ-மாண்டெல் விளைவு தலைக்குள் ஏற மறுக்கிறது. 50:50 பீம் ஸ்பிளிட்டரின் (பாதி ஒளியை ஊடுருவ விட்டு, பாதியை எதிரொளிக்கும் கண்ணாடி) இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்தால், இரண்டும் ஜோடியாகத்தான் ஏதோ ஒரு பக்கம் போகுமாம். நாணயம் சுண்டுகிற கணக்குப்படி பாதித் தடவையாவது பிரிந்து போக வேண்டாமா? அவற்றுக்குள் ஏதாவது ஈர்ப்பு இருக்கிறதா?

ஒளிமேசை:
ஈர்ப்பெல்லாம் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து போக இரண்டே வழி: இரண்டும் ஊடுருவ வேண்டும், இல்லையென்றால் இரண்டும் எதிரொளிக்க வேண்டும். ஃபோட்டான்கள் எல்லா வகையிலும் ஒரே மாதிரி இருந்தால், எந்த வழியில் நடந்தது என்று எந்த அளவீட்டாலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் வீச்சுகளை (வர்க்கம் எடுத்தால் நிகழ்தகவைத் தரும் எண்கள்) கூட்டி, அப்புறம்தான் வர்க்கம் எடுக்க வேண்டும். இரண்டும் ஊடுருவினால் வீச்சு 1/2. எதிரொளிப்பு ஒவ்வொன்றும் 90 டிகிரி கட்டத்தை (அலையின் கால் சுற்று நகர்வு) சேர்ப்பதால் இரண்டும் எதிரொளித்தால் −1/2. கூட்டினால் பூஜ்யம். நாணயக் கணக்கு நிகழ்தகவுகளை நேரடியாகக் கூட்டுகிறது, சிக்கலே அங்கேதான். சில பாடநூல்களில் 90 டிகிரிக்குப் பதிலாக ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்தல் குறி போட்டிருக்கும், குழம்ப வேண்டாம், விடை ஒன்றே.

இருட்டறை:
ஹாங், ஓ, மாண்டெல் மூவரும் ரோச்செஸ்டரில் செய்த அந்த 1987 சோதனையைக் கட்டாயம் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. 351 நானோமீட்டர் புறஊதா லேசரை கேடிபி (KDP) என்ற படிகத்துக்குள் விட்டு, ஏறக்குறைய 702 நானோமீட்டரில் இரட்டை ஃபோட்டான்களை உண்டாக்கினார்கள். பீம் ஸ்பிளிட்டரை மைக்ரோமீட்டர் கணக்கில் நகர்த்த நகர்த்த, இரண்டு டிடெக்டரும் சேர்ந்து அடிக்கும் எண்ணிக்கை ஓரிடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது. டிடெக்டர்களின் வேகம் நானோசெகண்ட் அளவில்தான், ஆனால் அந்தப் பள்ளத்தின் அகலமோ 100 ஃபெம்டோசெகண்ட் அளவு! ஒரு கற்றையில் அரை அலைத் தகட்டை வைத்து முனைவாக்கத்தை (ஒளி அலை அதிரும் திசை) 90 டிகிரி திருப்பினால் பள்ளம் காணாமல் போய்விடும். முனைவாக்கத்தை யாரும் அளக்கக்கூட வேண்டாம், அளக்க முடியும் என்பதே போதும்.

குறுக்கலை:
நன்றி, கழித்தல் குறி எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டது. அப்படியென்றால் இரண்டும் ஸ்பிளிட்டரில் சந்தித்தே ஆக வேண்டுமா? ஹான்பரி பிரவுன்-ட்விஸ் சோதனையில் சொல்லும் கொத்தாக வருதலும் இதுவும் ஒன்றா?

ஒளிமேசை:
சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரட்டை ஃபோட்டான்கள் ஸ்பிளிட்டருக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும்படி வைத்து, அந்தத் தாமதத்தைப் பிறகு ஈடுசெய்தும் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார்கள், 1996-இல். குறுக்கிடுவது இரண்டு வழிகளின் வீச்சுகள், இரண்டு துகள்கள் அல்ல. ஹான்பரி பிரவுன்-ட்விஸ் வேறு கதை: வெப்ப ஒளியின் செறிவு ஏறி இறங்குவதால் ஃபோட்டான்கள் கொத்தாக வருகின்றன, g2(0) = 2 (இரண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வரும் வாய்ப்பு, தற்செயலாக வருவதைப் போல் இரு மடங்கு), இதைச் சாதாரண அலைக் கொள்கையே விளக்கிவிடும். ஆனால் கட்டம் தாறுமாறாக மாறும் இரண்டு சாதாரண அலைகளை வைத்துப் பள்ளத்தை வழக்கமான எண்ணிக்கையின் 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கவே முடியாது. ஆய்வகத்தில் லேசரை மங்கலாக்கி இதைச் செய்து பார்த்தால் பாதியிலேயே நின்றுவிடும், சீரமைப்பு தப்பு என்று ஸ்பிளிட்டரைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.