பெரிய தொகையில் ஏமாற்றிய ஏஜென்ட்டின் மதிப்பு ஏன் இறங்கவில்லை?

அணைக்கட்டு செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். கத்திரிக்காய் விவசாயிகளும் வேலூர் கமிஷன் மண்டிகளும் ஏஜென்ட்டுகளாக, அதாவது தாமாக முடிவெடுக்கும் நிரல் பாத்திரங்களாக, இயங்கும் சிமுலேஷன் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். சரக்கு, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் பக்கத்து முள்ளு கத்திரிக்காய். மண்டி சொன்ன நாளில் பணம் தந்தால் நல்ல அனுபவம், தராவிட்டால் கெட்டது. மண்டியை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பைக் கணக்கிட, ஆய்வாளர்கள் யோசாங்கும் இஸ்மாயிலும் 2002இல் எழுதிய பீட்டா முறைதான்: நல்லதோடு 1 கூட்டி, அதை மொத்தத்தோடு 2 கூட்டிய எண்ணால் வகுப்பது.

ஒரு மண்டி ஐயாயிரம் ரூபாய் சரக்குக்கு 20 முறை ஒழுங்காகத் தருகிறது. அடுத்து ஒரு லட்சத்துக்குச் சரக்கு எடுத்துவிட்டுக் கைவிரிக்கிறது. அப்போதும் மதிப்பு 21/23, அதாவது 0.91! விவசாயி ஏஜென்ட்டுகள் மறுநாளும் அங்கேயே மூட்டையை இறக்குகின்றன. எப்படிச் சரிசெய்வது?

வாலாஜா குமரன்:
தடவையை எண்ணாதீர்கள், தொகையை எண்ணுங்கள். ஐயாயிரத்துக்கு ஒரு பங்கு என்றால் நல்லது 20, கெட்டது 20. மதிப்பு 21/42, சரியாக 0.5. ஒவ்வொரு சுற்றிலும் பழைய அனுபவங்களை 0.9 போன்ற எண்ணால் பெருக்கினால் இன்னும் கீழே போகும்.

சத்துவாச்சாரி மீனா:
தம்பி சொன்னது சரி. ஆனால் செல்வி, அந்த 0.5ஐ அப்படியே நம்பாதே. இன்று கடை திறந்த மண்டிக்கும் 0.5தான், 50 முறை தந்து 50 முறை ஏமாற்றிய மண்டிக்கும் 51/102, அதே 0.5. முதலாவதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது, இரண்டாவதைப் பற்றி நன்றாகவே தெரியும். அதனால் நிச்சயமின்மையைத் தனியாக வை: 2ஐ, மொத்தத்தோடு 2 கூட்டிய எண்ணால் வகு. புதியதற்கு 1, மற்றதற்கு சுமார் 0.02 வரும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. 0.2க்கு இறங்கிய ஏஜென்ட் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு வந்தால் மறுபடி 0.5! பெயர் இலவசமாகக் கிடைக்கிற இடத்தில் புதியவர்களைக் கீழேயிருந்துதான் ஏறவிட வேண்டும். ஆய்வாளர்கள் ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் 2001இல் இதைத்தான் அலசினார்கள்.

அணைக்கட்டு செல்வி:
அக்கா, நிஜமாகவே புதிதாகக் கடை போடும் நேர்மையான மண்டி பாவம் இல்லையா?

சத்துவாச்சாரி மீனா:
பாவம்தான், அந்த விலையை நல்லவர்களும் கொடுக்கிறார்கள். குறைக்க வழி உண்டு. ஃபயர் (FIRE) என்ற, ஏஜென்ட்டுகளின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் மாடலில், ஏஜென்ட் தன்னோடு வியாபாரம் செய்தவர்களின் சான்றைத் தானே கொண்டுவந்து காட்டலாம். அதோடு ஜாமீனையும் சேர்த்துப் பார்: பழைய மண்டி ஒன்று புதியதற்குப் பொறுப்பேற்கட்டும், புதியது ஏமாற்றினால் பொறுப்பேற்றதன் மதிப்பிலும் கழி. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் பொய்ச்சான்று தருவது அப்போதுதான் கட்டுப்படியாகாது. முதலில் பத்து மண்டிகளோடு ஓட்டிப் பார்த்து, வரைபடத்தை இங்கே போடு.